காரிக்கொம்பன் குடித்த தண்ணீர்

சண்டை நின்றுவிட்டது என்று வானொலி சொன்ன பிறகுதான் கோவாங்கைச் சுட்டார்கள். அடிஸ் அபாபாவில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டுக் கை குலுக்கிய செய்தி சதுப்பு ஓரத்து எங்கள் ஊர் தோர்பாருக்கு வந்து சேர்ந்தது. அதை நம்பித்தான் சதுப்புக்குள் நாணல் தீவுகளில் ஒளிந்து கிடந்த சனம் கரைக்கு வந்தது. நம்பி வந்தவர்களில் கோவாங்கும் ஒருவன். ஓடையில் மீன் தடுப்பு கட்டிக்கொண்டிருந்தவனை முதுகில் சுட்டுத் தள்ளினார்கள். கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவன் மகள் மார்த்தாவை இழுத்துக்கொண்டு போனார்கள். செய்தது சதுப்புக்கு அந்தப் பக்கம் வாங்கோரில் முகாம் போட்டிருக்கும் அரசாங்கப் பக்கத்து ஆட்கள். அவர்களும் எங்கள் சனம்தான். எங்கள் பேச்சுதான், நெற்றியில் எங்களைப் போலவே ஆறு கோடு. அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் கிழக்கே இருந்து இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தவன். பள்ளிக்கூடம் எரிந்துபோன பிறகும் போக்கிடம் இல்லாமல் இங்கேயே கிடக்கிறேன். இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால், அண்டை நாடுகளின் கண்காணிப்புக் குழு வருகிற நாளில் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று ஆயிற்று.

அன்று காலை கோவாங்கின் மனைவி நியாருவோத் அல்லி விதையை உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். இந்த ஆண்டு சோளம் விதைக்க யாரும் கரையில் இல்லை. மாடுகள் போன வருஷமே போய்விட்டன. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, அல்லிக்காயைப் பறித்து, அழுகவைத்து, விதையைப் பிரித்துக் காயவைத்து இடித்தால் ஒரு வேளைக்குக் கஞ்சி. கசக்கும். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிக்கும். நியாருவோத்தின் விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"வாத்தியாரே, அந்தத் தாள்ல என்னமோ போட்டிருக்குன்னு சொன்னியே, இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

"எத்தன தடவதான் சொல்றது? சண்டை நின்ன பெறகு தூக்கிட்டுப் போன பொம்பளப் புள்ளைங்களத் திருப்பி விடணும். அப்பிடின்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டிருக்கு."

"விடலைன்னா?"

"கண்காணிக்க வர்றவங்க விசாரிப்பாங்க. ரெண்டு பக்கத்து ஆளையும் ஒரே எடத்துல உக்கார வச்சுக் கேப்பாங்க. உண்மைன்னு தெரிஞ்சா மேலே சொல்லுவாங்க. மேலே இருந்து அமுக்குவாங்க, இவனுங்க விடுவானுங்க."

"மேலேன்னா எவ்வளவு மேலே?"

"ஒனக்கும் எனக்கும் எட்டாத மேலே."

அவள் உலக்கையை நிறுத்தவில்லை. "எட்டாத எடத்துல இருக்குறவன் கைக்கு எம்மவ எப்பிடி எட்டுவா?" என்றாள். கேள்வி என்னிடம்தான். வாத்தியார் வேலையில் பதில் தெரியாத கேள்விக்கு இருமுவது என்று ஒரு வழி உண்டு. இருமினேன்.

கோவாங்கின் தம்பி துவோப் அந்த நேரம் வந்து சேர்ந்தான். நீண்ட கால்கள், நீண்ட வாய். அண்ணன் செத்த நாளிலிருந்து தலையில் எண்ணெய் வைக்காமல் ஈட்டியும் கையுமாகத் திரிகிறவன்.

"மதினி, இன்னைக்கு அந்தக் கூட்டத்துக்கு வாங்கோர்க்காரன் ஒருத்தன் வர்றான். யாரு தெரியுமா? ருவாய்."

உலக்கை நின்றது. "காரிக்கொம்பனா?"

"அவனேதான். இப்போ கேப்டனாம். அவன் தம்பிதான் அண்ணனச் சுட்டது. மீன் தடுப்பு கட்ட ஒத்தாசைக்குப் போன ரெண்டு பேரு நாணலுக்குள்ள இருந்து பாத்திருக்கானுங்க."

எங்களில் ஆண்பிள்ளை வளர்ந்து நெற்றியில் கோடு போட்டதும் ஒரு காளை கொடுப்பார்கள். அந்தக் காளையின் நிறத்தையும் கொம்பையும் வைத்து அவனுக்கு ஒரு பேர் வரும். சேர்ந்து கோடு போட்டுக்கொண்டவர்கள் சாகிறவரை ஒருவரையொருவர் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கோவாங் மயிலைக்காளை. ருவாய் காரிக்கொம்பன். இரண்டு பேர் நெற்றியையும் ஒரே கத்தி, ஒரே காலையில் கிழித்தது.

"நீ ஒண்ண மட்டும் ஞாபகம் வச்சுக்கோ" என்றான் துவோப். "அவன் வாய் வச்ச எதுலயும் நம்ம வீட்டு வாய் படக்கூடாது. தனிக் குடுக்கை, தனித் தண்ணி. சொல்லிப்புட்டேன்."

"எனக்கே சொல்லித் தர்றியாக்கும்" என்றாள் நியாருவோத்.

கொலை விழுந்த இரண்டு வீட்டாருக்கும் நடுவே ஒரு எலும்பு கிடக்கிறது என்பது எங்கள் பேச்சு. கொலைக்கு ஈடாக மாடு கொடுத்து, பரிகாரத்துக்குப் பலி வெட்டி அந்த எலும்பை எடுக்கும்வரை இரண்டு வீட்டாரும் ஒரே பாத்திரத்தில் உண்ணவோ குடிக்கவோ, ஒரு வீட்டார் ஆக்கியதை மற்ற வீட்டார் தின்னவோ கூடாது. மீறினால் வயிறு வீங்கிச் சாவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கிருமியைப் பற்றியும் கொதிக்கவைத்த தண்ணீரைப் பற்றியும் பாடம் நடத்தியவன். ஆனாலும் என் வீட்டில் ஒரு கொலை விழுந்தால் நானும் அந்தக் குடுக்கையைத் தொடமாட்டேன். துப்பாக்கியால் செத்தவனுக்கு எலும்பு கிடையாது, அது அரசாங்கத்துச் சாவு என்று தளபதிகள் இரண்டு பக்கமும் சொல்லிப் பார்த்தார்கள். சொன்ன தளபதிகளே வீட்டுக்குப் போய்த் தனிக் குடுக்கையில்தான் குடித்தார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் ஹெலிகாப்டர் வந்தது. அது கிளப்பிய காற்றில் மிச்சமிருந்த இரண்டு கூரைகளும் போயின. இறங்கியவர் எத்தியோப்பியாக்காரர், கர்னல் தெஸ்ஃபு. நரைத்த மீசை, சிவந்த கண்கள், தூங்கி நாளாகியிருக்கும். அவருக்குப் பின்னால் ருவாய். மடிப்புக் கலையாத சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கினான். எங்கள் பக்கத்து அதிகாரி ஒருவரும் குழுவில் உண்டு. அவருக்கு மலேரியாவாம், வரவில்லை.

"மழை பிடிப்பதற்குள் நான் கிளம்ப வேண்டும். இதற்கு முன்னால் மூன்று ஊர். எல்லா ஊரிலும் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கை காட்டுகிறது. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்" என்றார் கர்னல் என்னிடம், வந்ததும் வராததுமாக. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். களைத்த மனிதர்.

மரத்தடியில் கூடினார்கள். துவோப்பும் ஆண்களும் ஒரு பக்கம், ருவாய் ஒரு பக்கம், நடுவே கர்னல். பெண்கள் சற்றுத் தள்ளி. இரண்டு சுரைக்குடுக்கைகளில் தண்ணீர் வைத்திருந்தார்கள், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். கர்னல் அதைப் பார்த்தார்.

"ஏன் இரண்டு?"

நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். ஒரு குடுக்கையை எடுத்து மற்றதில் கவிழ்த்தார். நிறைந்து வழிந்த குடுக்கையை இரண்டு கையிலும் ஏந்தி, கோயிலில் பிரசங்கம் செய்கிறவர் போல நின்றார். "சண்டை முடிந்தது. இனி ஒரே தண்ணீர். எல்லோரும் இதில் ஒரு வாய் குடியுங்கள், பிறகு பேசுவோம்" என்றார்.

நான் மொழிபெயர்க்கவே இல்லை. பார்த்ததே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆண்கள் மொத்தமாக எழுந்தார்கள்.

"வாத்தியாரே, இந்த ஆளு எங்களக் கொல்ல வந்தாரா, சமாதானம் பண்ண வந்தாரா?" என்றான் துவோப்.

"இருப்பா, அவருக்குத் தெரியாது. நான் சொல்லுறேன்."

"தெரியாதவன் எதுக்கு அடுத்த வீட்டுக் குடுக்கையத் தொடுறான்? எங்கண்ணன் மண்ணு இன்னும் காயல. அந்தத் தண்ணி இருக்குற எடத்துல நாங்க இருக்க மாட்டோம்." ஈட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக எல்லா ஆண்களும் போய்விட்டார்கள்.

நான் கர்னலுக்கு அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "மன்னிக்கச் சொல்லுங்கள். திரும்பக் கூப்பிடுங்கள். ஊர்த்தரப்பு இல்லாமல் நான் எதை விசாரிப்பது?"

ருவாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னான். "பாருங்கள் சார், குறை இருந்தால் உட்கார்ந்து சொல்லியிருப்பார்கள். கையெழுத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் இந்த ஓடையைத் தாண்டவே இல்லை. யாரையும் சுடவில்லை, எந்தப் பெண்ணையும் தூக்கவில்லை."

"என்ன சொல்றான் அவன்?" பெண்கள் பக்கமிருந்து நியாருவோத்தின் குரல். சொன்னேன்.

அவள் எழுந்து வந்தாள். மாவு ஒட்டிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கர்னல் கையிலிருந்த குடுக்கையை வாங்கிக்கொண்டாள்.

"காரிக்கொம்பா" என்றாள். "கண்ணாடியக் கழட்டிட்ட, நல்லதாப் போச்சு. என்னையத் தெரியுதா?"

"தெரியாம என்ன மதினி" என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது.

"கோடைக்கு நம்ம மாடெல்லாம் ஒரே பட்டியில கெடந்துச்சு. எங்க கல்யாணத்துல நீ ஆடுன ஆட்டத்துல பொழுது விடிஞ்சதே தெரியல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மதினி. அதெல்லாம் ஒரு காலம்."

"நீங்க வரல, சுடல, எம்மவளத் தூக்கல. அப்பிடித்தான?"

"அப்பிடித்தான்."

"அப்போ ஒன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல எலும்பு கெடையாது." குடுக்கையைத் தூக்கி மூன்று மடக்கு குடித்தாள். பெண்கள் பக்கம் ஐயோ என்று ஒரு சத்தம் கிளம்பி அடங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு குடுக்கையை அவனிடம் நீட்டினாள். "நான் குடிச்சுட்டேன். இப்போ நீ குடி."

நான் கர்னலின் காதில் சொன்னேன். "இவனைக் கவனியுங்கள் சார். இவன் வீட்டார் கொன்றிருந்தால் இவனால் இதைக் குடிக்க முடியாது. குடிக்காவிட்டால், கொன்றது இவர்கள்தான். இங்கே இருக்கிற குழந்தைக்குக்கூட அது தெரியும்."

கர்னலின் கண்ணில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "குடித்துவிட்டால்?" என்று கேட்டார். அதை நான் யோசித்திருக்கவில்லை. அவளும் யோசித்திருக்கமாட்டாள்.

ருவாய் குடுக்கையைப் பார்த்தான். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. "என்ன மதினி, இன்னுமா இதையெல்லாம் நம்பிட்டிருக்கீங்க? உலகம் எங்கேயோ போயிடுச்சு" என்று சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான். கர்னல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். சட்டென்று குடுக்கையைப் பிடுங்கி அண்ணாந்து, கீழே வைக்காமல், கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

கர்னல் கை தட்டினார். பாவம், மனசாரத் தட்டினார்.

நியாருவோத் அவன் திருப்பித் தந்த காலிக் குடுக்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவன் குடிக்கமாட்டான் என்றுதான் புருஷனின் சாவையே பணயம் வைத்திருந்தாள். தூரத்தில் நின்று பார்த்த துவோப் ஓடிவந்தான். மூச்சு இரைத்தது.

"என்ன காரியம் பண்ணுன? என்ன காரியம் பண்ணுன நீ? எதிராளியோட தண்ணி குடிச்சா கொலையே நடக்கலன்னு ஆச்சு. இனி யாருகிட்டப் போயி ஈடு கேப்பேன்? ஈட்டு மாட்டக் குடுத்துத்தான எங்கண்ணன் பேருக்கு ஒரு பொண்ணக் கட்டி, செத்தவன் பேரு சொல்ல ஒரு ஆம்பளப் புள்ளயப் பெறணும், இனி யாரு கட்டுறது, யாரு பெறுறது? அவனப் பேரோட சேத்துப் பொதச்சுட்டியேடி!"

"எம்மவளுக்காகக் குடிச்சேன்" என்றாள்.

"வந்துட்டாளா அவ? எங்க, காட்டு பாப்போம்!"

பெண்கள் அவளைவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நேற்றுவரை அவளோடு ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவர்கள்.

மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓட்டுநர் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டார். இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு சந்தித்தனர், மீறல் எதுவும் உறுதிப்படவில்லை என்று எழுதப்போவதாகக் கர்னல் என்னிடம் சொன்னார். அப்போதுதான் ருவாய் ஒன்றுக்குப் போகிறவன் போலக் கரையான் புற்றுக்குப் பின்னால் ஒதுங்கினான். நியாருவோத் அவனையே பார்த்தபடி நடந்தாள். எனக்கு என்னவோ பட்டது, நானும் பின்னால் போனேன்.

அவன் மண்டியிட்டு, தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வந்தது. மறுபடி விட்டான். மஞ்சளாக வந்தது. மறுபடியும் விட்டான். மடிப்புக் கலையாத சட்டையெல்லாம் சளியும் கண்ணீரும்.

"அது வாந்தியில வராது காரிக்கொம்பா" என்றாள் நியாருவோத்.

அவன் திரும்பிப் பார்த்தான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்களில் இருந்த பயத்தை நான் மறக்கமாட்டேன். இவ்வளவு பயம் இருக்கிறவனா அவ்வளவு தைரியமாகக் குடித்தான்!

"இருக்காளா? அதை மட்டும் சொல்லு. இருக்காளா?"

"இருக்கா" என்றான். சத்தமே வரவில்லை. "உசுரோட இருக்கா. என் தம்பி வீட்டுல."

நியாருவோத் புற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள அடுப்படியில விட்டுச் சமைக்கச் சொன்னான் மடப்பய. அவ ஆக்குனத ரெண்டு நாளு தின்னான். இப்போ வயிறு பானையாட்டம் வீங்கிக் கெடக்கான். நான் என்ன மதினி செய்யட்டும்?"

"அவளக் குடுத்துரு. பரிகாரத்துக்கு நானே வந்து நிக்கிறேன். மாடு வேண்டாம். ஒத்த ஆட்ட வெட்டு, சாம்பலத் தூவி நானே எலும்ப எடுத்து விடுறேன். ஒன் தம்பி பொழச்சுக்குவான். நீயும் பொழச்சுக்குவ. எம்மவளக் குடு."

"எப்பிடிக் குடுப்பேன்?" அவன் அழுதான். "குடுத்தா நாங்க தூக்குனோம்னு ஆயிடும். கையெழுத்துக்கு அப்புறம் ஓடையத் தாண்டுனோம்னு ஆயிடும். சண்ட நடக்குறப்போ தூக்கியிருந்தாக்கூடப் பேசி விட்டிருக்கலாம். இப்போ விட்டா அவளே சாட்சி. மேலே இருக்குறவன் என்னையும் சுடுவான், அவளையும் சுடுவான். சமாதானம்னு ஒண்ணு வந்து எல்லாத்தையும் கெடுத்துடுச்சு மதினி!"

நான் கர்னலிடம் ஓடினேன். விசிறியின் இரைச்சலில் கத்திக் கத்திச் சொன்னேன். பெண் இருக்கிறாள், வாந்தி எடுத்தான், ஒத்துக்கொண்டான். கர்னல் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். பின்னால் வந்த ருவாயிடம் கேட்டார். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை சார்" என்றான்.

கர்னல் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "என் எதிரில் குடித்தான். என் எதிரில் வாந்தி எடுக்கவில்லை. நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்" என்றார். "அதோடு, சதுப்புத் தண்ணீர். பாட்டில் தண்ணீரைத் தவிர எதையும் குடிக்காதே என்று எல்லோருக்கும் சொல்லித்தான் கூட்டிவருகிறேன்." ஒரு பெட்டி பாட்டில் தண்ணீரை எனக்கு இறக்கிக் கொடுத்தார். அவரால் தர முடிந்தது அது. கதவு சாத்திக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி அந்த விசிறி மேலேயே எறிந்திருப்பேன்.

சாயங்காலம் முழுக்க மழை. நியாருவோத்தின் குடிசைப் பக்கம் யாரும் போகவில்லை. துவோப் அவள் வாசலில் நின்று கத்திவிட்டு, கத்தியது தீர்ந்ததும் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அண்ணன் பேரைச் சொல்லி அழுதான். அவள் வெளியே வந்து அவன் தலைமேல் ஒரு தோலைப் போர்த்திவிட்டு உள்ளே போனாள்.

விடிந்ததும் பார்த்தேன். இடையில் துணியை இறுக்கிக் கட்டி, அந்தக் குடுக்கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்க நின்றாள். அந்தப் பக்கம் வாங்கோர். விடிய இறங்கினால் பொழுது சாயப் போய்ச் சேரலாம், வழியில் முதலையும் துப்பாக்கியும் விட்டால்.

"பைத்தியமா ஒனக்கு? கரையேறுறப்பவே சுட்டுருவானுங்க" என்றேன்.

"சுட்டா சுடட்டும். சுடலைன்னா ருவாய் தம்பி வீட்டு வாசல்ல போயி உக்காருவேன்."

"உக்காந்து?"

"தண்ணி கேப்பேன்." குடுக்கையைத் தட்டிக் காட்டினாள். "வாசல்ல வந்து தாகம்னு நிக்குற பொம்பளைக்குத் தண்ணி குடுக்காம இருந்தவன் நம்ம சனத்துல எவனாவது உண்டா? குடுத்துத்தான் ஆகணும். அவன் பானைத் தண்ணிய எனக்குக் குடுத்தா ரெண்டு வீடும் ஒரே தண்ணி குடிச்சதாயிடும், அவன் செத்தான். குடுக்காம இருக்கட்டும், வாங்கோரே வந்து பாக்கட்டும், ஏன்டா இந்தப் பொம்பளைக்குத் தண்ணி குடுக்கலைன்னு கேக்கட்டும். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எலும்பு கெடக்குன்னு அவன் வாயாலயே சொல்லட்டும். எம்மவ என் சத்தத்தக் கேப்பா இல்ல?"

நான் கர்னல் கொடுத்த பெட்டியிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்து நீட்டினேன். வழிக்கு ஆகட்டும் என்றேன்.

"வேண்டாம் வாத்தியாரே" என்றாள். "உண்மையான தாகத்தோட போயி நிக்கணும். பொய்த்தாகத்துக்கு அவன் பயப்பட மாட்டான்."

இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. வெயில் ஏற ஏற அந்தக் குடுக்கை அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. மார்பளவு தண்ணீருக்குள், ஒரு வாய் குடிக்காமல் போய்க்கொண்டிருந்தாள்.